பின்னால் நீண்ட கை

நாய் குறுக்கே வந்துவிட்டது என்றுதான் அப்பா இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறார். அந்த நாயை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. என்ன நிறம் என்று அம்மா கேட்டதற்கு முதல் நாள் கறுப்பு என்றார். மறுநாள் பழுப்பு என்றார். மூன்றாம் நாள் அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் "அடுத்து யாரு?" என்று அங்கே படம் எடுக்கும் இளையவள் குரல் கொடுத்ததும், முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது அவளுடைய அப்பாதான். எலும்புக்கு ஒன்றும் இல்லை. சிராய்ப்பும் வீக்கமும்தான். படத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வெளியே அவரைக் கூட்டி வந்திருந்த வேன் டிரைவர், அடிபட்டவரைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நின்றார்.

"நாயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நேராப் போற மாதிரிதான் போனாரு. திடீர்னு வலது பக்கம் ஒடிச்சிட்டாரு. இண்டிகேட்டர் இல்ல, கை காட்டல, ஒண்ணும் இல்ல. நான் பிரேக் மேலயே ஏறி நின்னுட்டேன்."

அன்று சாயங்காலமே இளையவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஸ்கூட்டரை விற்றுவிட வேண்டும். அப்பா குதிப்பார், சாப்பிடமாட்டார், நாலு நாள் பேசமாட்டார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் சொன்னாள். அவரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரிம்மா, வித்துடலாம்" என்றார். அவ்வளவுதான். அதிலிருந்துதான் அவளுக்குச் சந்தேகம் ஆரம்பித்தது.

இளையவள் என்றதும் வீட்டில் அக்காவோ அண்ணனோ இருப்பதாக நினைக்க வேண்டாம். அவள் ஒரே பெண். மூத்தவள் என்பது அந்த ஸ்கூட்டர். கல்யாணமான மறு வருஷம் அது வந்தது. அதற்கடுத்த வருஷம் இவள் வந்தாள். "மூத்தவளைத் தொடைச்சுட்டு வரேன்", "மூத்தவளுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்று அப்பா பேசுவதைக் கேட்டுத் தனக்கு ஒரு அக்கா இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, டீச்சர் வீட்டுக்கே விசாரிக்க வந்த கதையும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மூத்தவளைக் கொண்டுபோய் விடும் நாள். ஊரின் மறு கோடியில் மெக்கானிக் ஷெட். காதில் எப்போதும் ஒரு ஸ்பார்க் பிளக்கைச் செருகிக்கொண்டிருப்பதால் மெக்கானிக்குக்குப் பெயரே பிளக். யாரோ ஒரு பார்ட்டி வண்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

காலையில் இளையவள் வந்தபோது அப்பா வாசலில் குந்தி உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் சக்கரத்தின் நட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட இவ்வளவு அலங்காரம் நடந்திருக்காது. இளையவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நிச்சயமாக நடக்கவில்லை.

உள்ளே அம்மா சமையலறையில் உயரமான நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் பட்டென்று வைத்துவிட்டாள்.

"யாரும்மா?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?"

"பாவம், அவங்களுக்கும் பேச ஆள் இல்ல போல."

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். போனை எடுத்தால் இன்றைக்கும் குரல் மாறிவிடும். எதிராளி எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். பால் பாக்கெட் எத்தனை வேண்டும் என்பதைக்கூட அப்படித்தான்.

"வாசலுக்கு வாயேன்மா. அப்பா கிளம்பறார்."

"முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க."

முட்டி வலிப்பது பொய்யில்லை. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாள், தெருமுனை வரை போகிறாள். ஆனால் காலைத் தூக்கி வண்டியில் போடுவது மட்டும் முடியாது. அந்தக் காலத்தில் தெருவே வாயைப் பிளந்து பார்க்க, இரண்டு பக்கமும் கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீசுக்குப் போனவள் அவள். அதற்காக அவளைப் பேசாத வாய் இல்லை. அவள் கண்டுகொள்ளவும் இல்லை.

அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்கதவையே பார்த்தார்.

"உங்கம்மா வரலையா?"

"முட்டி வலிக்குதாம்."

"ஓஹோ" என்றார். பிறகு ஸ்கூட்டரை இடது பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்தார். பெட்ரோல் இறங்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து நிமிர்த்தி, கிக்கரை மிதித்தார். மூன்றாவது மிதியில் மூத்தவள் இருமிக்கொண்டு உயிர் பெற்றாள். நீலப் புகை வாசலை நிரப்பியது.

இளையவள் அந்தப் புகையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும் காலை வாடை அது. பவுடர், நனைந்த கைக்குட்டை, இந்தப் புகை.

"நீங்க தனியா ஓட்டிட்டுப் போக வேணாம். நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்" என்று ஏறினாள். அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவது கியர் இல்லாத வண்டியில். முறுக்கினால் போகும். இந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அவளுடைய இடம் எப்போதும் முன்னால்தான்.

சின்ன வயதில் அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே, ஹாண்டில்பாரின் மையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவாள். காலுக்கடியில் அப்பாவின் மருந்துப் பை இருக்கும். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி அவர். ஊரில் உள்ள அத்தனை டாக்டர்களின் வாசலும் அவருக்குப் பழக்கம். ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வளர்ந்தவள் அவள். மழை வந்தால் முதல் துளி தனக்குத்தான் என்பதில் அப்போது ஒரு கர்வம்கூட உண்டு. பின்னால் அம்மா இருந்தாள் என்பது தெரியும். என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது முன்னால் நின்றவளுக்குத் தெரியாது.

தெருவை விட்டு இடது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறினார்கள்.

ஞாயிறு என்றால் போக்குவரத்துக்கும் ஓய்வு என்று யார் சொன்னது? முதுகில் பெட்டியைச் சுமந்த டெலிவரிக்காரர்கள் இருக்கிற சந்தில் எல்லாம் புகுந்து வந்தார்கள். ஒருவர் கால்களுக்கு நடுவே தண்ணீர்க் கேனை நிறுத்திக்கொண்டு, கழுத்தை மட்டும் எட்டிப் பார்த்து ஓட்டினார். ஒரு மொபெட்டில் கணவன், மனைவி, நடுவில் சுருட்டிய மெத்தை. மெத்தைக்கு மட்டும்தான் சௌகரியமான இடம். சிவப்பு விழுந்ததும் எல்லா இருசக்கர வண்டிகளும் கார்களுக்கிடையே கசிந்து முன்வரிசைக்கு வந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பச்சைக்கு முன்பே உறுமின.

அப்பா நன்றாகத்தான் ஓட்டினார். அதுதான் அவளுக்கு ஆச்சரியம். பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு இடம் விட்டார். திறந்துகொள்ளப்போகும் கார்க் கதவை முன்பே மோப்பம் பிடித்து விலகினார். இடது கையால் கிளட்ச்சை அமுக்கி, கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றினார். சின்ன உலுக்கல்கூட இல்லை. இவரா இண்டிகேட்டர் போடாமல் ஒடித்தார்?

அரிசி மண்டி வரிசை முடிகிற இடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். சின்ன சாலைதான். வேகத்தைக் குறைத்து நடுவுக்கு வந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

எதிரே சாலை காலி. பின்னால் ஹாரன் கிளம்பியது. அப்பா அசையவில்லை. அவருடைய வலது தோள் மட்டும் லேசாகக் கீழே இறங்கியிருந்தது.

"என்னப்பா? போங்க!"

உடனே திரும்பினார். கட்டி வைத்த மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"இண்டிகேட்டர் போட்டீங்களா?"

"இருக்கே."

"இருக்குன்னு தெரியும். போட்டீங்களான்னு கேக்கறேன்."

காற்றில் அவர் காதில் விழவில்லை என்று அவளும், விழாத மாதிரி இருந்துவிடலாம் என்று அவரும் அடுத்த சிக்னல் வரை வந்தார்கள்.

அடுத்தது பெரிய நாற்சந்தி. பச்சை. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நகர்ந்தன. ஷெட்டுக்கு இங்கே வலது பக்கம் போக வேண்டும். இளையவள் இந்த முறை சாலையைப் பார்க்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த சட்டை, காலரில் ஒரு தையல். அதோ, வலது தோள் இறங்கியது.

ஏனென்று தெரியாமலே அவள் வலது கையை நீட்டினாள். பின்னால் வந்த ஆட்டோ வேகத்தைக் குறைத்து வழி விட்டது.

அப்பா திரும்பவில்லை. நேராகப் போய்விட்டார்.

"அப்பா! திரும்பணும்! ஷெட் அந்தப் பக்கம்!"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நேராப் போனீங்க?"

"நீ சொல்லலையே."

"என்ன சொல்லணும்? கையை நீட்டினேனே!"

அவர் கொஞ்ச தூரம் போய், ஒரு நீண்ட மஞ்சள் சுவர் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். மூத்தவள் ஒரு முறை சிலிர்த்துவிட்டு அடங்கினாள்.

அந்தச் சுவர் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அம்மா வேலை பார்த்த இடம். இப்போது கட்டிடத்தில் பாதி பூட்டிக் கிடக்கிறது. மீதிப் பாதியில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர் வேண்டுமென்று இங்கே வரவில்லை. நேராகப் போனால் இந்த வண்டி இங்கேதான் வந்து நிற்கும்.

"இப்ப சொல்லுங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி வாங்கின முதல் வருஷமே இண்டிகேட்டர் போயிடுச்சு. கியர், கிளட்ச் எல்லாம் இடது கையில, ஆக்சிலேட்டர் வலது கையில. நான் எந்தக் கையை எடுக்கறது? 'என் ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு'ன்னா உங்கம்மா. ரெண்டு பக்கமும் கை நீட்டத் தோதா, ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா. ஊரெல்லாம் பேசினதே, அது இதுக்குத்தான்."

"எனக்குத் தெரியாதே!"

"நீதான் முன்னாடி நின்னு ஸ்பீடோமீட்டரைப் பார்த்துட்டிருப்பியே." லேசாகச் சிரித்தார். "நான் தோளை இறக்குவேன். அவ பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு கையை நீட்டுவா. யாரும் வரலைன்னா 'ம்'ம்பா. நான் திரும்புவேன். அவ்வளவுதான்."

"அப்புறம் இண்டிகேட்டரைச் சரி பண்ணலையா?"

"பண்ணினோமே. யாரு போடறது? அதுக்குள்ள பழகிடுச்சு. கண்ணாடியில நான் தலை சீவத்தான் பார்த்திருக்கேன்."

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட நாள்ல?"

"அதைக் கேளு. சண்டைன்னா வீட்டு வாசல்லேர்ந்து இந்த வாசல் வரைக்கும் ஒரு வார்த்தை வராது. ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் 'ம்' மட்டும் டாண்ணு வரும். அந்த 'ம்'மை வெச்சுத்தான் கோவம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுவேன். சில நாள் இந்தச் சுவர்கிட்ட வர்றதுக்குள்ள பாதி இறங்கியிருக்கும்."

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. தன் குழந்தைப் பருவம் முழுக்கத் தலைக்குப் பின்னால் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அது அப்பாவின் வண்டி என்றுதான் தெரியும். பாதி அம்மா ஓட்டியிருக்கிறாள்.

"போன வாரம் என்னப்பா நடந்துச்சு? நாய் வேணாம். நெசத்தைச் சொல்லுங்க."

அப்பா சுவரைப் பார்த்தார். செல்போன் உறைக் கடையைப் பார்த்தார். பார்க்க வேறொன்றும் இல்லாமல் போனபின் மகளைப் பார்த்தார். அவள் எக்ஸ்ரே அறையில் எல்லோரிடமும் தினமும் சொல்கிற 'மூச்சை இழுத்துப் பிடிங்க'வை இப்போது அவளே செய்துகொண்டிருந்தாள்.

"அவளுக்கு முட்டி போனதுலேர்ந்து தனியாத்தான் ஓட்டறேன். தோள் அது பாட்டுக்கு இறங்கும். அப்புறம்தான் பின்னாடி யாருமில்லைன்னு ஞாபகம் வரும். நின்னு, திரும்பிப் பார்த்து, மெதுவாப் போவேன். சமாளிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"ம்."

"அன்னிக்குத் தோளை இறக்கினேன். கேட்டுச்சும்மா."

"என்ன கேட்டுச்சு?"

"'ம்'னு. அவ குரல். காதுக்குப் பின்னாடி, எப்பவும் கேக்கற இடத்துல." அவர் குரல் இறங்கிவிட்டது. "பின்னாடி யாரும் இல்லைன்னு புத்திக்குத் தெரியுது. கை கேக்கல. திரும்பிடுச்சு. கீழ விழுந்து கிடந்தப்பகூட முதல்ல அவளைத்தான் தேடினேன். அவளுக்கு அடி கிடி பட்டுடுச்சோன்னு."

ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. இளையவள் அவருடைய அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சக்கரத்திலிருந்து விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். காறை எலும்பு, மணிக்கட்டு, விலா. படத்தைப் பார்த்தால் எந்தப் பக்கமாக விழுந்தார்கள் என்று சொல்லிவிடுவாள். அப்பாவின் முழங்கைப் படத்தில் இப்போது அவர் சொன்னது எதுவும் தெரியவில்லை.

"இதை ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நாய்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. உங்கம்மாகிட்ட சொன்னா, தான் வராததாலதான் விழுந்தேன்னு உருகிப்போயிடுவா. அவ முட்டியை நான் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அதான் வித்துடலாம்னதும் சரின்னுட்டீங்களா?"

"பயந்துட்டேன்மா. அன்னிக்கு வந்த வேன்காரன் நல்லவன். அடுத்த தடவை யார் வருவாங்கன்னு தெரியாதே. என்னை விடு, ரோட்டுல உங்கம்மா மாதிரி எத்தனை பேர் புருஷன் பின்னாடி உக்காந்து போறாங்க."

அப்போது இளையவளின் போன் அடித்தது. பிளக்.

"அக்கா, கிளம்பிட்டீங்களா? அந்தப் பார்ட்டி கொஞ்சம் குடைச்சல் பார்ட்டியா இருக்கும் போல. நேர்ல வரமாட்டாங்களாம். காலையிலேர்ந்து போன்லயே கேக்கறாங்க."

"யாரு அவங்க?"

"ஒரு லேடி. வயசான குரல்தான், ஆனா கணீர்னு இருக்கு. விலையே பேசல அக்கா. பின்சீட்டை எவ்வளவு தாழ்த்த முடியும், ஏறிக்க ஒரு படி வெச்சு வெல்டு பண்ணித் தருவியா, பிடிச்சுக்க கம்பி போடுவியான்னுதான் கேள்வி. நான் ஒரு அளவு சொன்னா அதை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லி சரிபார்க்கறாங்க. எனக்கே நான் சொன்னது சரியான்னு சந்தேகம் வந்துடுச்சு."

இளையவள் அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்குத் தன் முகத்தின் மேல் நம்பிக்கை இல்லை.

"நாங்க இன்னிக்கு ஷெட்டுக்கு வரலண்ணே. அந்தப் பார்ட்டிகிட்ட நானே நேர்ல பேசிக்கறேன்."

போனை வைத்தாள். அப்பா ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்? வேணாம்னுட்டாங்களா?" கேள்வியில் இருந்த ஆசையை அவரால் மறைக்க முடியவில்லை.

"வேணும்கறாங்க. ரொம்பவே வேணும்கறாங்க. ஆனா பார்க்கிற இடத்தை மாத்திட்டாங்க."

"எங்க?"

"போற வழியில சொல்றேன். வண்டியை எடுங்க."

அப்பா எடுக்கவில்லை. சாவியைப் பார்த்தார். அதன் வளையத்தில் எக்ஸ்சேஞ்ச் ஊழியர் சங்கத்தின் தேய்ந்த பித்தளை வில்லை தொங்கியது, அம்மாவுடையது. இந்த வண்டியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. மாமா கேட்டு, சித்தப்பா கேட்டு, மாப்பிள்ளையே கேட்டுக் கிடைக்காத சாவி.

"நீ ஓட்டு" என்று நீட்டினார்.

"எனக்குக் கியர் வண்டி வராதேப்பா! காலேஜ்ல படிக்கறப்ப மைதானத்துல சொல்லிக் கொடுத்தீங்களே. கோல் போஸ்ட்ல போய் முட்டினேன்."

"கோல் போஸ்ட் ரோட்டுல இல்ல. ஏறு. நான் இனிமே முன்னாடி உக்காரமாட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "விக்கறதோ வெச்சுக்கறதோ உன் இஷ்டம். நான் மட்டும் இனிமே ஓட்டறதா இல்ல."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக அவள் விரும்பியது இதைத்தான். அது கையில் வந்தபோது சந்தோஷமாக இல்லை.

மூத்தவளைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள், மிதித்தாள். முதல் மிதியிலேயே கிளம்பியது. "பார்த்தியா, தங்கச்சின்னதும்!" என்றார் அப்பா. கிளட்ச்சை விட்டதும் வண்டி முன்னால் எகிறிக் குதித்து அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்தது. செல்போன் உறைக் கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். நாலாவது தரம் வண்டி உருண்டதும், சற்றுத் தள்ளி அணையாமல் நிறுத்தினாள். அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் தொடையில் வைத்தார். பிறகு சீட்டைப் பிடித்தார். கடைசியில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

யூ திருப்பத்தில் வளைந்து, வந்த வழியே போனார்கள். இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தாள். டெலிவரிக்காரர்கள் அவளைத் திட்டாத குறையாகத் தாண்டிப் போனார்கள். மறுபடி அந்த நாற்சந்தி. இப்போது வீட்டுக்கு நேராகப் போகலாம். ஆனால் நேர்ச்சாலையில் வீட்டுப் பக்கம் போகும் பாதியில் மட்டும் ஏதோ பள்ளம் தோண்டி, தடுப்பு வைத்து, எல்லோரையும் வலது பக்கம் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பச்சை விழுந்துவிட்டது. இளையவள் கட்டை விரலால் இண்டிகேட்டரைத் தள்ளினாள். இத்தனை வருஷம் யாரும் தொடாத சுவிட்ச் கல்லாக இருந்தது. மறுபடி தள்ளினாள். வண்டி ஆடியது. கண்ணாடியில் தெரிந்தது அப்பாவின் தாடை மட்டும்தான். அவர் தலை சீவ வைத்த கோணம் அது. பின்னால் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கனமான ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு வந்தது.

அவள் சுவிட்ச்சை விட்டுவிட்டாள். வலது தோளை இறக்கினாள்.

தோளிலிருந்த பிடி தளர்ந்தது. அவளுடைய கண்ணோரத்தில் ஒரு கை நீண்டது. வெளுத்த சட்டைக் கை, முழங்கையில் கட்டு. வலிக்கும், அவளுக்குத் தெரியும். படத்தை எடுத்தவள் அவள்தானே. ஆனாலும் கை முழுசாக நீண்டு, நடுங்காமல் நின்றது. பின்னால் அந்த உறுமல் தணிந்தது.

அவர் திரும்பிப் பார்க்கிறார் என்பதைச் சீட்டின் அசைவில் உணர்ந்தாள்.

"ம்" என்றார் அப்பா.

மூத்தவள் திரும்பினாள்.

தெருமுனை வந்தபோது அவர் காதோரம் குனிந்து, "பார்ட்டி யாருன்னு சொல்றேன்னியே" என்றார். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் கைத்தடி. இடது கையில் அவளுடைய பழைய ஹெல்மெட், ஒட்டடை எல்லாம் துடைத்து, பளபளவென்று. வண்டிச் சத்தம் கேட்டதும் வந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

முன்னால் மகள், பின்னால் கணவர். அம்மாவின் பார்வை இரண்டு பேர் மேலும் போய் வந்தது. ஹெல்மெட் பிடித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஏன் நீங்க பின்னாடி உக்காந்திருக்கீங்க?"

அப்பா இறங்கவில்லை. இறங்கத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். அவர் அம்மாவின் ஹெல்மெட்டைப் பார்த்தார். கட்டுப் போட்ட முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். "பின்னாடியிருந்து இவ்வளவு வண்டி வருதா?"

அம்மா தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள். அந்தக் கோடியைப் பார்த்தாள். பழக்கம்.

"ம்" என்றாள்.

ஹெல்மெட் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சாவி இளையவளிடம் இருந்தது.